இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? நாகஸ்வரம் பற்றி என்னிடம் வரும் கேள்விகள்

கேட்டதில் பிடித்த ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை நாலைந்து பேருக்கு அனுப்புவது என் பழக்கம். அக்கா மகன், அலுவலக நண்பர்கள், மச்சினி, கூடப் படித்த ஒருவன். ஐந்தாறு மாதமாக நான் அனுப்புவதெல்லாம் நாகஸ்வரம்தான். பதிலுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

மாமா, இப்ப உங்க போன்ல என்ன ஓடுது?

இந்த மாதம் மூன்று பேர்தான். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா. ராத்திரிச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் கேட்கிறேன். ஒரு நாளைக்கு ஒருவர். மூன்று பேரையும் ஒரே நாளில் கலந்து கேட்பதில்லை. ராஜரத்தினத்தின் தோடி ராகத்தைக் கேட்டுவிட்டு உடனே இன்னொன்றைப் போட எனக்கு மனசு வருவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் குத்தாலம் பக்கம். திருவாவடுதுறையும் நரசிங்கம்பேட்டையும் சைக்கிள் மிதித்துப் போய்வரும் தூரம். சின்ன வயதில் இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வளர்ந்தேன். ஆனால் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தது நாற்பது வயதுக்கு மேல்தான். அதனால்தான் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அது கல்யாணத்துல வாசிக்கறதுதானே சார்? அதைப் போய் யாராவது தனியா உட்கார்ந்து கேப்பாங்களா?

கல்யாணத்தில் வாசிப்பார்கள், உண்மைதான். அங்கே நாம் அதைக் கேட்பதில்லை என்பதும் உண்மை. மாப்பிள்ளை அழைப்பு, காப்பி, வந்தவர்களை வரவேற்பது, செருப்பு எங்கே என்று தேடுவது, இதற்கெல்லாம் நடுவில் அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கெட்டிமேளத்துக்கு மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம்.

அதே வித்வான் ராத்திரி கோயில் வீதியில் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசித்த காலம் உண்டு. சுவாமி நாலு வீதி சுற்றி வருவதற்குள் விடிந்துவிடும். முச்சந்திக்கு முச்சந்தி மேளம் நிற்கும், ஊர் முழுக்கத் திண்ணையிலும் தரையிலும் உட்கார்ந்து கேட்கும். ராக ஆலாபனையை அவ்வளவு விரிவாக வாசிக்கும் வழக்கத்தை வளர்த்ததில் நாகஸ்வரக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வாய்ப்பாட்டுக்காரர்களே இவர்களைக் கேட்டு ராகம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். தனியாக உட்கார்ந்து கேட்கத்தக்க இசை இது. நமக்கு அந்த இடம்தான் வாய்க்காமல் போனது.

நாதஸ்வரமா, நாகஸ்வரமா? நீங்க ஏன் எப்பவும் 'க' போட்டு எழுதறீங்க?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் நாகஸ்வரம் என்று எழுதக் காரணம், பழைய பெயர் அதுதான் என்று இசை ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். திருவாரூர்க்காரரான முத்துசுவாமி தீட்சிதர் தன் ஸ்ரீராகக் கிருதி ஒன்றில் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் இரண்டையும் விட்டுவிட்டு 'நாயனம்' என்பார்கள். நீங்கள் எப்படிச் சொன்னாலும் எனக்குச் சம்மதம், கேட்டால் போதும்.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதுல இருந்து ஆரம்பிக்கறேன்.

காருகுறிச்சி அருணாசலத்திலிருந்து ஆரம்பியுங்கள். காரணம், அவரை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாடிய 'சிங்கார வேலனே தேவா' பாட்டோடு வரும் நாகஸ்வரம் அவருடையது. ராகம் ஆபேரி. அந்தப் பாட்டு தெரியாத தமிழ் வீடு குறைவு. ஒருமுறை பாட்டை விட்டுவிட்டு நாகஸ்வரத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். குரல் எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் குழலும் அதே வளைவில் போகும். காது பழகுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் அவருடைய கச்சேரிப் பதிவு ஒன்றில் ஒரே ஒரு கிருதி. அதன்பிறகு ஒரு ஆலாபனை. ராஜரத்தினத்தை உடனே எடுக்க வேண்டாம் என்பேன். அவர் கடல் மாதிரி. கரையில் கொஞ்ச நாள் கால் நனைத்துவிட்டு இறங்கினால் நல்லது. காருகுறிச்சியாரே ராஜரத்தினத்திடம் பயின்றவர், அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனம் வாசித்தவர். ஆகவே இவர் வழியாக அவரிடம் போவது இயல்பான பாதையும்கூட.

எனக்கு ராகமே தெரியாது அண்ணா. தெரியாம கேட்டா என்ன புரியப் போகுது?

ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. மல்லிகைக்கும் ஜாதிமல்லிக்கும் வித்தியாசம் முகர்ந்தால் தெரிகிறது, தாவரவியல் படித்துவிட்டா முகர்கிறோம்? ஒரே ராகத்தை ஒரு வாரம் கேளுங்கள். கல்யாணி என்றால் ஏழு நாளும் கல்யாணி, வேறு வேறு ஆட்கள் வாசித்தது. நாலாவது நாள் கல்யாணி எங்கே கேட்டாலும் 'இது அந்த வாரத்துது' என்று உங்களுக்கே தோன்றும். பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

தோடியைக் கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். அதில் வரும் காந்தாரம், அதாவது 'க' என்ற ஸ்வரம், ஓரிடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்தை ('ரி') தொட்டு மேலே மத்திமம் ('ம') வரை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். நிலையான விசைகள் உள்ள ஹார்மோனியத்தில் அந்த ஆட்டத்தைக் கொண்டுவர முடியாது. நாகஸ்வரத்தில் விரலும் மூச்சும் உதடும் சேர்ந்து கொண்டுவருகின்றன. அந்த ஓர் அசைவைப் பிடித்துக்கொண்டால் தோடி உங்களுக்குப் பாதி வந்துவிட்டது.

பாட்டே வர மாட்டேங்குதே? இருபது நிமிஷமா சும்மா வாசிச்சுக்கிட்டே இருக்காரே?

அதுதான் ஆலாபனை. சொல் கிடையாது, தாளம் கிடையாது. ராகத்தை வித்வான் அந்த நேரத்தில் தன் மனசுக்குத் தோன்றியபடி விரித்துக்கொண்டு போவார். முன்னாலேயே எழுதி வைத்து மனப்பாடம் செய்தது அல்ல, அன்று பிறப்பது. முதலில் கீழ் ஸ்தாயியில் மெதுவாக ஒரு சின்னப் பிடி. அதைத் திருப்பிச் சொல்வார், கொஞ்சம் நீட்டுவார். அப்புறம் ஒரு படி மேலே ஏறுவார். மேல் சட்ஜத்துக்கு, அதாவது மேலே உள்ள 'ஸ'வுக்குப் போகப்போகிறார் என்று நமக்குத் தெரியும், ஆனால் போகாமல் சுற்றிச் சுற்றி வருவார். கடைசியில் போய் நிற்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முதுகு தானாக நிமிரும்.

இரண்டு நாயனங்கள் இருந்தால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். நடுநடுவே தவில் ஒரு சின்ன உருட்டு உருட்டிவிட்டு ஒதுங்கும். முதல்முறை இருபது நிமிஷம் நீளமாகத்தான் தெரியும். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். மறுநாள் அதே ஐந்து நிமிஷத்தை முதலிலிருந்து கேளுங்கள். தெரிந்த தெருவில் நடப்பது மாதிரி இருக்கும்.

தவில் சத்தம் தாங்கலை. தலைவலியே வந்துடுது.

போன் ஒலிபெருக்கியில் கேட்டால் வரத்தான் செய்யும். நாயனமும் தவிலும் திறந்த வெளிக்காகப் பிறந்தவை. வீதியின் அந்தக் கோடியில் நிற்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டவை. அவற்றைச் சின்னப் பெட்டிக்குள் அடைத்து முழுச் சத்தத்தில் வைத்தால் கீச்சென்றுதான் இருக்கும். சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். ஸ்பீக்கரை அடுத்த அறையில் வைத்துவிட்டு இங்கிருந்து கேட்டுப் பாருங்கள். நான் மாடியில் கேட்பதற்கும் காரணம் இதுதான்.

தவிலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். பலா மரத்தைக் குடைந்த கட்டை. வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார், துணியும் பசையும் சுற்றிக் கல் மாதிரி காயவைத்தது. இடது கையில் கழி. கூடு போட்ட விரல் தோலில் விழும்போது கூழாங்கல்லைக் கொட்டுவது மாதிரி ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிக்கும். வேகம் கூடக்கூட அவை குழம்பாமல் கேட்கின்றனவா என்று பாருங்கள். கேட்டால், அவர் பெரிய வித்வான்.

பழைய பதிவெல்லாம் ஒரே கரகரப்பு. புதுசா ஏதாவது அனுப்பக் கூடாதா?

புதியதும் அனுப்புகிறேன். ஆனால் ராஜரத்தினம் 1956-லேயே காலமாகிவிட்டார், காருகுறிச்சியார் 1964-ல், நாற்பத்து மூன்று வயதுகூட நிறையாமல். இருப்பதைத்தான் கேட்க முடியும். அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம் போலத்தான் பிடிக்கும். வீதியில் மூன்று மணி நேரம் வாசித்தவரை அந்த இடத்துக்குள் அடக்கி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அவர் என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்பது தனி ருசி.

கரகரப்பைத் தாண்டிக் கேட்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அடுப்பங்கரையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்கிறோம் அல்லவா, காது அப்படித்தான் தானாகப் பிரித்துக்கொள்ளும். முடியாவிட்டால் வானொலிக்காகப் பதிவானவற்றைத் தேடுங்கள். ஒலி ஓரளவு தெளிவாக இருக்கும், நீளமும் இருக்கும்.

அந்தக் குழல்ல அப்படி என்ன விசேஷம்? ஊதினா சத்தம் வருது, அவ்வளவுதானே?

ஊதிப் பார்த்தால் தெரியும், முதலில் சத்தமே வராது. சின்ன வயதில் ஒரு வித்வான் வீட்டில் என்னை ஊதச் சொன்னார்கள். கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

மொத்தம் 12 துளைகள். அதில் 7 விரலுக்கு. மீதி 5 கீழ்ப்பக்கம் இருக்கும், அவற்றை விரலால் மூடுவதில்லை. தேவைப்பட்டால் மெழுகு வைத்து அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். கீழே விரிந்திருக்கும் பகுதி அனசு. மேலே சின்ன உலோகக் குழாய், அதற்குக் கெண்டை என்று பெயர். அதில் சீவாளியைப் பொருத்தி ஊதுவார்கள். நாணலில் செய்யும் அந்தச் சீவாளிதான் வாத்தியத்தின் உயிர். வாசிப்பதற்கு முன் வித்வான் அதை வாயில் வைத்து ஈரமாக்குவார், எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார், ஊசியால் வாயை லேசாகத் திறந்துவிடுவார், ஊதுவார், முகம் சுளிப்பார், வேறொன்றை எடுப்பார். நாயனத்தின் கழுத்தில் நூலில் கொத்தாகத் தொங்குவது அத்தனையும் மாற்றுச் சீவாளிகள். வெயிலுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்கள் உண்டு.

ஏழு துளையில் எல்லா ஸ்வரமும், அதை அசைத்து வாசிக்கும் கமகமும் எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். துளையைப் பாதி மூடுவது, கால்வாசி திறப்பது, உதட்டை இறுக்குவது, மூச்சைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் சேர வேண்டும். நாக்கால் தட்டித் தட்டி ஸ்வரத்தை வெட்டுவதற்குத் துத்துகாரம் என்று பெயர். வேகமான இடங்களில் ஒவ்வொரு ஸ்வரமும் மணி மணியாக விழுவது அதனால்தான்.

திமிரி, பாரின்னு என்னமோ சொன்னீங்களே, அது என்ன?

திமிரி குட்டையானது, நாலு கட்டைக்கு மேல் சுருதி (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு), கூர்மையான சத்தம். பாரி நீளமானது, இரண்டு இரண்டரைக் கட்டை, கனமான சத்தம். பழைய ஆட்கள் திமிரியே வாசித்தார்கள். பாரியைப் பரவலாக்கியவர் ராஜரத்தினம். அவர் நன்றாகப் பாடவும் கூடியவர், குரலின் கனம் குழலிலும் வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இன்று நீங்கள் கேட்பதில் பெரும்பாலும் பாரிதான்.

இரண்டும் ஆச்சா மரத்தில் செய்வது. புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றை வாங்கிக் கடைவார்கள். நூறு வருஷம் ஒரு கூரையைத் தாங்கிய மரம் அப்புறம் நாயனம் ஆகிறது. நரசிங்கம்பேட்டையில் இன்றும் சில குடும்பங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பின்னாடி ஒரே சத்தம் நிக்காம வருதே, அது மெஷினா?

இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டி. முன்னே அதற்கென்று ஓர் ஆள் இருப்பார், அவர் கையில் இருப்பது ஒத்து. நாயனம் மாதிரியே இருக்கும், விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையாது. கன்னத்தில் காற்றைச் சேர்த்துவைத்துத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுத்துக்கொள்வார். இழை அறவே அறாது. ராத்திரி முழுக்க ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது, யாரும் பாராட்டாத வேலை. ஒத்து ஊதுகிறவன் என்று ஆமாம் போடுகிறவர்களை ஏளனமாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம் சேர்ந்ததுதான் பெரிய மேளம்.

மல்லாரி மல்லாரின்னு எப்பவும் சொல்றீங்க. அது ராகமா, பாட்டா?

ராகம் கம்பீர நாட்டை. மல்லாரி என்பது அதில் வாசிக்கும் உருப்படி. சாகித்தியம் கிடையாது, ஜதிச் சொற்களின் நடையிலேயே போகும். சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ளது. தீர்த்தம் கொண்டுவர ஒரு மல்லாரி, தளிகை கொண்டுவர ஒன்று, தேருக்கு ஒன்று என்று வகைகள் உண்டு. முதலில் தவிலில் அலாரிப்பு என்ற தொடக்க வாசிப்பு, அப்புறம் நாயனம் எடுக்கும். அதே உருப்படியை முதல் காலம், இரண்டாம் காலம் என்று வேகத்தை மாற்றியும், திஸ்ரம் என்று மூன்று மூன்றாகப் போகும் நடையிலும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள்.

இதைப் பதிவில் கேட்பது நேரில் கேட்பதற்குக் கால்பங்குகூட ஆகாது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் போன வைகாசியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே திரை விலகி, பாதம் தாங்கிகள் தோள் கொடுத்து, பல்லக்கு ஓர் அடி உயர்ந்தது. அந்த நொடியில் மேளம் விழுந்தது. பல்லக்கு அந்தத் தாளத்துக்கு அசைகிறதா, பல்லக்கின் அசைவுக்கு இவர்கள் வாசிக்கிறார்களா என்று சொல்ல முடியவில்லை. கல் மண்டபத்தில் சத்தம் மோதி, நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கியது. பக்கத்தில் நின்ற பெண்மணி தன் குழந்தையின் காதைப் பொத்தினார். குழந்தை கையைத் தட்டிவிட்டது.

இதுக்கெல்லாம் நேரம் காலம் இருக்காமே? ராத்திரி பூபாளம் கேட்டா தப்பா?

தப்பு ஒன்றும் இல்லை, காதுக்கு யாரும் அபராதம் போட மாட்டார்கள். ஆனால் கோயில் முறையில் வேளைக்கு வேளை ராகம் உண்டு. விடியலில் பூபாளம், பௌளி, மலயமாருதம். காலை ஏறிய பின் பிலஹரி. ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. கடிகாரம் இல்லாத வீட்டில் நாயனத்தை வைத்தே நேரம் சொன்ன தலைமுறை இருந்தது. நான் முடிந்தவரை அந்த வேளைப்படியே அனுப்புகிறேன், காலையில் உங்களுக்கு வருவது காலை ராகமாக இருப்பது அதனால்தான்.

ஷெனாயும் இதுவும் ஒண்ணுதானே?

உறவுக்காரர்கள். இரண்டிலும் இரட்டை நாக்குச் சீவாளி. ஷெனாய் குட்டையானது, சத்தம் மென்மை. நாகஸ்வரம் நீளம், கம்பீரம் அதிகம்.

ஷேக் சின்ன மௌலானா முஸ்லிம்தானே? கோயில் இசையில எப்படி வந்தார்?

அவருக்கு இது பரம்பரைத் தொழில். ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்துக் கரவதியில் 1924-ல் பிறந்தவர். அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கோயில்களில் நாகஸ்வரம் வாசித்துவரும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அவர் ராஜரத்தினத்தின் வாசிப்பில் மயங்கி, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்க இந்தப் பக்கம் வந்தார். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1998-ல் அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம், மறு வருஷம் காலமானார். பேரன்கள் காசிம், பாபு இருவரும் அவர் வழியில் வாசிக்கிறார்கள்.

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது, சில சமயம் சங்கடத்தோடு. அவரை ஒருமுறை ஒரு மணி நேரம் கேட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அப்படிக் கேட்டவர் யாரும் இதே கேள்வியோடு என்னிடம் திரும்பி வந்ததில்லை.

பொம்பளைங்க வாசிக்கறதில்லையா?

வாசிக்கிறார்கள். பெண்கள் இந்த வாத்தியத்தைத் தொடத் தயங்கிய காலத்திலேயே மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் மேடை ஏறியவர். காலீஷாபி மெஹபூப், கணவர் ஷேக் மெஹபூப் சுபானியோடு ஜோடியாக வாசிக்கிறார். சின்ன மௌலானாவின் சீடர்கள். இருவருக்கும் 2020-ல் பத்மஸ்ரீ. அவர்கள் ஒருவர் விட்டதை மற்றவர் எடுப்பதைக் கேளுங்கள், ஆலாபனை பற்றி மேலே சொன்னது இன்னும் விளங்கும்.

யாழ்ப்பாணத்துத் தவில்தான் பெரிசுன்னு எங்க தாத்தா சொல்வார். உண்மையா?

தாத்தா யாரை நினைத்துச் சொல்கிறார் என்று தெரிகிறது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1975-ல், நாற்பது வயதை ஒட்டிக் காலமாகிவிட்டார். அதற்குள் இங்கே பெரிய பெரிய நாயனக்காரர்கள் அவரைக் கூட வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள். அவர் தவிலை மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் உள்ள வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அவர் சும்மா விடும் இடங்கள். அங்கேயே நாயனத்தில் அளவெட்டி என்.கே. பத்மநாதனையும் தேடிக் கேளுங்கள். எது பெரிது என்ற தீர்ப்பு என்னிடம் இல்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வலயப்பட்டி சுப்பிரமணியம், அரித்துவாரமங்கலம் பழனிவேல் என்று இந்தப் பக்கமும் வரிசை நிற்கிறது.

நீங்க அனுப்பினதை நான் பாதியிலயே நிறுத்திட்டேன். கோவிச்சுக்காதீங்க.

கோபம் எதற்கு? பிடித்ததைச் சொல்வதோடு என் வேலை முடிந்தது. ஆனால் நானும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரே நாளில் ஐந்தாறு பதிவுகளை அள்ளி அனுப்பிவிடுவேன், யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது வாரத்துக்கு ஒன்று. எந்த இடத்தில் என்ன கேட்கக் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன்: '7-வது நிமிஷத்தில் மேலே போய் நிற்பார், அதை மட்டும் கேள்.' இப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான் பதில்கள் வந்தன.

நீங்களும் கேட்பதைத் திருப்பி அனுப்புங்கள். அக்கா மகன் அனுப்பிய ராப் பாட்டு ஒன்றை நாலு முறை கேட்டேன். அதில் அவன் மூச்சை எங்கே எடுக்கிறான் என்று கண்டுபிடிக்கவே இரண்டு முறை ஆயிற்று.

பொண்ணு கல்யாணம் வருது. நல்ல மேளம் வைக்கணும்னு ஆசை. என்ன பண்ணணும்?

இரண்டு நாயனம், இரண்டு தவில் இருக்கட்டும். மண்டபக்காரர் ஏற்பாடு செய்து தருவார் என்று விடாமல் வித்வானை நீங்களே நேரில் போய்ப் பார்த்து, தாம்பூலம் கொடுத்துப் பேசுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் வேறு எந்தப் பாட்டும் ஓடக் கூடாது. ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவியோ குறிஞ்சியோ என்று அவரே பார்த்துக்கொள்வார். மேடையோரம் ஒரு நல்ல இடம், முதல் பந்தியில் சாப்பாடு, கிளம்புமுன் தட்டில் வைத்துச் சம்பளம். கெட்டிமேளத்துக்குச் சைகை காட்ட வீட்டு ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. உறவில் ஒரு கல்யாணத்தில் அந்த வித்வான் காம்போதியை எடுத்தார். என்ன காம்போதி! ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மண்டபத்து ஆள் ஒருவர் வந்து கையைக் காட்டினார், 'போதும், பாட்டு போடணும்' என்று. அவர் நிறுத்திவிட்டுச் சீவாளியைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றி வைத்தார். முகத்தில் எதுவும் இல்லை, பழகிப்போயிருக்கிறது. எழுந்து போய்த் தடுத்திருக்க வேண்டும், நான் உட்கார்ந்தே இருந்தேன். இன்னும் அது மனசில் கிடக்கிறது.

இனிமே இதெல்லாம் அழிஞ்சுடும்தானே? யார் கத்துக்கறா?

கற்றுக்கொள்கிறார்கள். அரசு மாவட்ட இசைப்பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் பாடம். பழனியில் தேவஸ்தானமே இதற்குப் பள்ளி நடத்துகிறது. காலையில் அந்தப் பிள்ளைகள் சாதகம் செய்வதைக் கேட்டிருக்கிறேன், பதினைந்து பதினாறு வயசு, சீவாளி கடித்து உதடு சிவந்திருந்தது. வாசிக்க ஆள் இல்லை என்பது சரியல்ல. வாசித்தால் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தக் கவலை எனக்கும் உண்டு. இந்த வித்வான்களை மேடைக்குக் கீழே நிற்கவைத்து வாசிக்கச் சொன்ன காலத்தில், சமமாக உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர் ராஜரத்தினம். அவர் வாங்கித் தந்த அந்த இடத்துக்கு எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா என்றால், கச்சேரி மேடைக்குப் போகுமுன் புறப்பாட்டு மேளத்துக்கு அரை மணி நேரம் நில்லுங்கள். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது.

சரி, இந்த வாரம் என்ன அனுப்பப் போறீங்க?

நீலாம்பரி. நேற்று ராத்திரி மழை தூறிக்கொண்டிருந்ததால் மாடிக்குப் போக முடியவில்லை. போனைக் கூடத்து ஜன்னலில் வைத்து, சத்தத்தை அடியோடு குறைத்துப் போட்டேன். தவில் இல்லை, நாயனம் மட்டும். ஒவ்வொரு பிடியையும் அவசரமே இல்லாமல் தடவிக் கொடுக்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். எட்டு நிமிஷம் ஆனபோது இருட்டிலிருந்து குரல் வந்தது: "பள்ளியறை ஆயிடுச்சா? யாருடா நாயனம்?" பெயரைச் சொன்னேன். "நிறுத்தாதே, முடியட்டும்" என்றாள். உங்களுக்கும் அதே பதிவுதான், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வரும்.